அரை அங்குல வாய்

என் மெஷினின் வாய் அரை அங்குலம்.
எத்திராசு படகு கேட்பது
இருபத்திரண்டு மில்லி ஓட்டை, நாலு.
விஞ்சுக்கு அடியில் போட்ட இரும்புத் தகடு
பன்னிரண்டு மில்லி கனம்.
தடைக்காலம் இன்று நள்ளிரவோடு முடிகிறது,
பன்னிரண்டு அடித்ததும்
காசிமேடே கயிறு அவிழ்க்கும்.

காந்தம் வைத்த பெரிய மெஷின்
தண்டையார்பேட்டையில் வாடகைக்கு உண்டு.
முன்பணம் பத்தாயிரம் கேட்டான்.
பத்தாயிரம் இருந்தால் நான் ஏன்
அவனிடம் போய் நிற்கிறேன்?

செம்புதாஸ் தெருவில், கண்ணாடி மேசைமேல்,
ஹபீப் பாய் இரண்டு பிட்டு வைத்தார்.
இரண்டுக்கும் உடம்பு இருபத்திரண்டு,
வால் மட்டும் கடைந்து இளைத்து
அரை அங்குலம்.
பத்துக்குப் பத்து வீட்டில்
வாசலுக்காகச் சாய்த்து நுழைத்த பீரோ மாதிரி.

ஒன்று தங்க நிறம், விலையும் பாதி.
வால் வழவழவென்று உருண்டை.
இரும்பு கொஞ்சம் பிடித்தால் போதும்,
மெஷின் சுற்றும், பிட்டு நிற்கும்,
நடுவில் வாய்தான் தேயும்.
மற்றது கறுப்பு.
வாலில் மூன்று பக்கம் பட்டை சீவியிருந்தது,
வாயின் மூன்று பல்லுக்கும் ஆளுக்கொரு பட்டை.
நகத்தை ஓட்டிப் பார்த்தேன். தடுக்கியது.
கண்ணாடியில் உருட்டினேன்,
மூக்கு ஆடவில்லை.
"கல்யாணத்துக்கா வாங்குற, இதையே எடு"
என்றார் பாய், தங்கத்தை உள்ளே வைத்துக்கொண்டே.

போன ஆடியில் இதே மாதிரி ஒரு வேலை.
இரும்பு விட்டுக்கொடுக்கும் கடைசி நொடியில்
விளிம்பு கவ்வி,
பிட்டு நின்றுவிட்டது, மெஷின் சுற்றியது.
மெஷினோடு நானும்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி மாவுக்கட்டில்
யாரோ சின்னப் பிள்ளை மீன் வரைந்தது.

இந்த முறை கைப்பிடியில்
மூன்றடிக் குழாய் செருகினேன்.
மெஷின் எந்தப் பக்கம் திமிறுமோ
அந்தப் பக்கம் படகின் கம்பத்தில் சாய்த்தேன்.
சென்டர் பஞ்சு ஒரு அடி.
முதலில் எட்டு மில்லி, வழி சொல்ல மட்டும்.
பிறகு கறுப்பு.
கியரை ஒன்றில் போட்டேன்.
வேகம் கேட்கிற வேலை இல்லை இது,
பாரம் கேட்கிறது.
ஒயிட் ரோஸ் எண்ணெய் டப்பாவில்
கட்டிங் ஆயில், சொட்டுச் சொட்டாய்.

சுருள் வந்தது,
இரண்டு பக்கமும் ஒரே நீளம், வெள்ளி நிறம்.
நீலம் ஏறினால் நிறுத்து என்று அர்த்தம்.
ஐஸ் பாக்டரி அமோனியா,
எண்ணூர் ரோட்டில் நகராத கன்டெய்னர் வரிசை,
பக்கத்துப் படகில் டீசல் நிரப்புகிற சத்தம்.
நான் சுருளை மட்டும் பார்த்தேன்.

கீழே இன்ஜின் அறையில் பல்பு பிடித்து
தேசிங்கு அண்ணாந்து கிடந்தான்.
"மூக்கு தெரியுது மேரிக்கா!"
அந்தக் குரலுக்குக் கையைத் தளர்த்த வேண்டும்.
அழுத்தாமல், தின்ன விட வேண்டும்.
ஒன்று.
இரண்டு.
ஓட்டையில் மஞ்சள் வெளிச்சம் மேலே வந்தது.

மூன்றாவதில் லாரி ஹாரன் அடித்தது,
தேசிங்கு கத்தியது கேட்கவில்லை.
கவ்வியது.
டணார் என்று குழாய் கம்பத்தில் மோத
விசையை விட்டேன்.
என் மணிக்கட்டு வாங்க வேண்டியதை
கம்பம் வாங்கியது.
விரல்களை ஒருமுறை எண்ணிக்கொண்டேன்,
தேவையில்லை என்று தெரிந்தும்.
பட்டை பிடித்த வால் நழுவவில்லை.
கையால் பின்னோக்கித் திருப்பி எடுத்து
மறுபடி, மெல்ல.

நாலாவதுக்கு எத்திராசையே
படிக்கட்டில் நிற்க வைத்தேன்,
தேசிங்கு சொல்வதை எனக்குச் சொல்ல.

போல்ட்டு விழுந்த சத்தம் நாலும் ஒரே மாதிரி.
எத்திராசு டார்ச் அடித்தது
ஓட்டைகளை இல்லை, கம்பத்தை.
"நேத்துதான் பச்சை அடிச்சேன், பாரு,
இவ்ளோ பெயர்ந்திருக்கு."
கூலியில் நூறு குறைத்தார்.

பேசாமல் வாங்கிக்கொண்டேன்.
பிட்டைத் துடைத்து, எண்ணெய் பூசி,
மகனுக்குச் சிறுத்துப்போன ஸ்கூல் சாக்ஸில் சுற்றினேன்.
வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
வலது கையால் டீ கிளாசைத் தூக்கினேன்.
தூக்க முடிந்தது.